தம்பியின் வசனம்

எங்கள் சபையில் பைபிளின் சங்கீதத்தை எல்லோருமாகச் சேர்ந்து பாடிவிட முடியாது. ஒரு வசனத்தை ஒரு பக்கத்தார் ராகமாகப் பாடினால், அடுத்த வசனத்தை எதிர்ப்பக்கத்தார் எடுக்க வேண்டும். அவர்கள் எடுக்காவிட்டால் சங்கீதம் அங்கேயே நின்றுபோகும். வீட்டு ஜெபத்திலும் அப்பா இதே முறையை வைத்திருந்தார். ஒரு வசனம் எனக்கு, அடுத்தது தம்பிக்கு. நான் ஐந்தாம் வகுப்போடு தறிக்குப் போனவன். இன்றும் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். கேட்டுக் கேட்டுச் சங்கீதங்கள் மனதில் பதிந்திருந்தன. ஆனால் நாலு பேர் பார்த்தால் எனக்குக் குரல் எழும்பாது.

கல்யாணத்துக்குப் பிறகு தம்பி சிவகிரியில் வேறொரு சபையில் சேர்ந்தான். அங்கே டிரம், கீபோர்டு எல்லாம் உண்டு. கைதட்டிப் பாடுவார்கள். ஒரு கிறிஸ்துமஸ் அன்று, "புஸ்தகத்தப் பாத்து இழுக்கதுக்குப் பேரு ஆராதனையாப்பா?" என்று கேட்டுவிட்டான். அப்பா புஸ்தகத்தை மூடி வைத்தார். நான்தான் கோபப்பட்டேன். அன்றோடு எங்கள் இருவருக்கும் பேச்சு நின்றது.

அப்பா இறந்த மறுநாள் மதியம் அடக்கம். தம்பி வந்திருந்தான். வாசல் பந்தலுக்குக் கீழே பெட்டியை வைத்துப் போதகர் ஐயா ஜெபம் பண்ணினார். பெட்டியை மூடி, தூக்கப் போகும் நேரத்தில் அம்மா அதன் மேல் கையை வைத்துவிட்டாள்.

"ரெண்டு பயலும் மாத்தி மாத்தி ஒரு சங்கீதம் படிக்கட்டும். அதுக்கு முன்னால யாரும் தூக்கப்பிடாது."

தம்பி தரையைப் பார்த்தான். "எனக்கு அது வராதும்மா. வேணும்னா ஜெபம் பண்ணுதேன்."

"ஜெபம் ஐயா பண்ணிட்டாவ. நீ ஒன் வசனத்த எடு."

"மனசில்லாமப் பாடுனா அது நடிப்பும்மா. அப்பா முன்னால நடிக்கச் சொல்லுதியா?"

"சின்னவனுக்குத் தொண்டைக்குள்ள டிரம் மாட்டிக்கிட்டு போலிருக்கு" என்றார் மாமா. யாரோ சிரித்து, உடனே அடக்கிக்கொண்டார்கள்.

"மாமா, நீங்க சும்மா இருங்க" என்று சொல்லிவிட்டுத் தம்பி பந்தலை விட்டு வெளியே போய், தன் பைக் பக்கத்தில் நின்றான். சாவி அவன் கையில் இருந்தது. அவன் கிளம்பிவிட்டால் பிறகு இந்த வீட்டுக்கு வரவே மாட்டான் என்று எனக்குத் தெரிந்தது. போதகர் அம்மாவிடம் மெதுவாக, "நேரமாகுதும்மா" என்றார். அம்மா கையை எடுக்கவில்லை.

"ஏலே பெரியவனே, நீ ஆரம்பிலே" என்றார் மாமா.

தெருவே என்னைப் பார்த்தது. கண்ணை மூடிக்கொண்டு முதல் வசனத்தைப் பாடினேன். குரல் உடைந்து, பாதியில் இறங்கி, எப்படியோ முடிந்தது.

பிறகு ஒரு சத்தமும் இல்லை. பக்கத்துத் தெருவில் தறி ஓடுவது மட்டும் கேட்டது. எங்கள் சபைக்காரர்களுக்கு அடுத்த வசனம் தெரியும். ஆனாலும் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அது தம்பியின் வசனம். நான் கண்ணைத் திறக்கவில்லை. பைக் ஸ்டார்ட் ஆகிற சத்தம் வந்துவிடுமோ என்றுதான் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

கேட்டது அவன் குரல். அவன் பாடவில்லை. பேச்சுக் குரலில், ராகம் இல்லாமல், வசனத்தை அப்படியே சொன்னான். எனக்கு என்ன செய்வதென்று புரியவில்லை. நானும் ராகத்தை விட்டுவிடுவதா? விட மனசு வரவில்லை. அடுத்த வசனத்தை ராகமாகவே பாடினேன். அதற்கடுத்ததை அவன் சொன்னான். கடைசி வசனம் வரை அப்படியே போயிற்று. நடுவில் நான் ஒரு வார்த்தையை விட்டேன். அவன் காத்திருந்தான். நான் திருத்திப் பாடிய பிறகுதான் தன் வசனத்தைத் தொடங்கினான்.

"இவன் பாடலையே, சும்மால்லா சொன்னான்" என்றார் மாமா.

"அவனுக்கு அப்படித்தான் வருது. தூக்குங்க" என்று சொல்லி அம்மா கையை எடுத்தாள்.

முன்பக்கம் நானும் அவனும் தோள் கொடுத்தோம். அவன் என்னைவிட உயரம். பெட்டி என் பக்கமாகச் சாய்ந்தது. அவன் முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, அப்படியே கல்லறைத் தோட்டம் வரை நடந்தான்.