தம்பிமுத்துவின் ஈயமணி

லாசால் ஆற்றங்கரையில் தம்பிமுத்து தூண்டிலை வீசினால், ஒன்ராரியோப் பக்கம் நிற்கிற மீன்கூட வேலைக்கு லீவு சொல்லிவிட்டு இறங்கி வரும். நயாகரா விழுவதே அவருடைய நூல் இழுத்த இழுப்பில்தான். இதில் ஒரு சொல்லைக் குறைத்தாலும் ஊர்க்காரர் கூடி நடத்தும் ஒன்றியத்தில் கோபிப்பார்கள். முதலில் கோபிப்பவர் தம்பிமுத்து.

எல்லாப் பெருமையும் தூண்டில் நூலை அமிழ்த்த அவர் கட்டும் ஈயமணிக்குத்தான். பகலில் அவருக்கு டயர்க் கடையில் வேலை. சில்லு ஆடாமல் ஓடுவதற்காகப் பழைய கார்களில் கொழுவியிருக்கும் ஈயத்துண்டுகளை மற்றவர்கள் எறிவார்கள். அவர் வீட்டுக்குக் கொண்டுவருவார். பால்கனியில் உருக்கி, தகடாகத் தட்டி, ஓர் ஆணியைச் சுற்றி உருட்டி, ஆணியை உருவிவிடுவார். நடுவில் துளை, விலாவில் ஒரு தழும்பு. மட்டக்களப்பு வாவியில் வீச்சுவலையின் விளிம்பில் கோப்பது இப்படித்தான். இங்கே கடையில் விற்கிற குண்டுக்குத் துளையும் இல்லை, தழும்பும் இல்லை. ஆற்றடிக் கல்லில் சிக்கி மணி அறுந்துபோனால் கவலைப்படமாட்டார். "ஆறு பெரிசு மனே, அது ஒண்டும் பாராட்டாது" என்பார்.

போன இலையுதிர் காலத்தில் ஒருநாள் அந்தக் கரையில் ஓர் உவார் கிடந்தது. ஒரு டொலர் நாணயக் குத்தியில் நீந்துகிறதே, அந்தப் பறவை. கிட்டப் போனால் குத்துகிற அலகு அதற்கு. அன்றைக்கு அலகு சேற்றில் கிடந்தது. தலையைத் தூக்கப் பார்க்கும், முடியாமல் விட்டுவிடும். தம்பிமுத்து தன் சிவப்பு ஹொக்கி ஜம்பரைக் கழற்றி அதைச் சுற்றினார். மடியில் வைத்துக்கொண்டார். அவர் கண்ணால் நீர் ஓடியது. கூடப் போன மருமகன் றொஷான் போனைத் தூக்கி வீடியோ எடுத்துச் சிரித்துக்கொண்டு நின்றான். அவன் அப்படிப்பட்டவன். பள்ளிக்கூடத்தில் சும்மா நெருப்பு மணியை அடித்து, வீட்டுக்கு அனுப்பப்பட்டவன்.

பறவைகளுக்கு வைத்தியம் பார்க்கிற இடத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். மறுநாள் அங்கிருந்து ஹம்சினி கோல் எடுத்தாள். சென்னைக்காரப் பெற்றோரின் மகள், நோத்ர-டாம்-த-கிரேஸில் வீடு, மிருக வைத்தியத்துக்குப் படிக்கிறாள்.

"அங்கிள், எக்ஸ்ரே அனுப்பியிருக்கேன். வயித்துல வெள்ளையா தெரியுது பாருங்க, அது ஈயம். கூழாங்கல்லுன்னு நினைச்சு முழுங்கியிருக்கு. உள்ளயே அரைபட்டு ரத்தத்துல ஏறிடுச்சு."

"தப்புமா புள்ள?"

"கஷ்டம்தான். இங்க வர பறவைங்க ரத்தத்துல ஈயம், பாதரசம் எல்லாம் பாக்கறோம். ஆத்தை எவ்வளவு கெடுத்து வச்சிருக்கோம்னு அதுங்க உடம்பு சொல்லிடும். ஆனா இது துளையோட இருக்கு, இந்த மாதிரி நாங்க பார்த்ததே இல்ல. அங்க யாராவது யூஸ் பண்றாங்களா?"

தம்பிமுத்து படத்தைப் பார்த்தார். துளை தெரிந்தது. தழும்பும் தெரிந்தது.

"தெரியாது புள்ள."

பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மனைவி யோகமலர் எட்டிப் பார்த்தாள். "இது உங்கட மணியெல்லோ?"

"பேசாம இரிகா."

அதற்கு இரண்டாம் நாள் பறவை செத்துப்போனது. "நீங்க பண்ணினது பெரிய விஷயம் அங்கிள், ரொம்ப தேங்க்ஸ்" என்றாள் ஹம்சினி. காய்ச்சிய ஈயத்தைக் காதில் ஊற்றியதுபோல் இருந்தது அவருக்கு. அதன்பிறகு தூண்டில் அலமாரிக்குப் பின்னால் போனது. தெருமுனை டெப்பனர்க் கடையில் மிச்சக் காசாக டொலர்க் குத்தி தந்தால், பறவை இருக்கிற பக்கத்தைப் பாராமல் பொக்கெற்றில் போட்டார். ஆற்றுப் பக்கம் போகிற பஸ்ஸை விட்டுவிட்டுச் சுற்றிப் போனார்.

ஒன்றியம் விடவில்லை. பறவையைக் காப்பாற்ற ஓடிய தம்பிமுத்துவுக்கு ஒன்றுகூடலில் பொன்னாடை என்று அறிவித்தது. அவர் காய்ச்சல் என்று சொல்லிப் பார்த்தார்.

"காய்ச்சலெண்டா பனடோல் போடுங்க," என்றாள் யோகமலர். "வெக்கத்துக்கு அது கேளாது."

மேடையில் பொன்னாடையைப் போர்த்தினார்கள், படம் எடுத்தார்கள். தம்பிமுத்து அதைக் கழற்றி, மடித்துக் கதிரையில் வைத்தார். பையிலிருந்து ஒரு பால்மா டின்னை எடுத்து மேசையில் கவிழ்த்தார். மணிகள் உருண்டன.

"அந்தப் பறவைட வயித்துக்குள்ள கிடந்தது இதுதான். நான் உருட்டினது. அந்தப் புள்ள கேட்டவ, தெரியாதெண்டு பொய் சொல்லிட்டன். இஞ்ச வர முதல் அவவுக்குக் கோல் எடுத்து உள்ளதச் சொல்லிப்போட்டன். நான் ஆத்தில விட்டது எத்தினையெண்டு எனக்கே தெரியா. உங்களுக்குத் தந்தது கிடந்தாத் திருப்பித் தாங்க."

கை தட்டுவதா விடுவதா என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது: "அப்ப என்னத்தக் கட்டி மீன் பிடிக்கிற, அண்ணன்?"

"கல்லக் கட்டு. உன்ட மண்டைக்குள்ள கிடக்கிறதில ஒரு துண்டு போதும்."

அவர் மட்டும் சிரிக்கவில்லை.

ஒன்றியத்தின் ஆண்டு மலருக்கு அவரைப் பற்றி எழுதச் சொல்லி றொஷானைப் பிடித்தார்கள். தமிழ் எழுதத் தெரிந்த பொடியன் வேறு அகப்படவில்லை. மேலே உள்ளதை அவன் எழுதிக் கொடுக்க, தம்பிமுத்து குசினி மேசையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

"நயாகராவை எடுத்துப்போடவா மாமா?"

"அது கிடக்கட்டும்." அவர் விரல் ஒரு வரியில் நின்றது. "எனக்கு எப்ப மனே ஹொக்கி ஜம்பர் இருந்த?"

றொஷான் தண்ணீர் குடிக்கப் போனான்.

"இஞ்ச வா. அந்தக் குளிருக்குள்ள வெறும் பெனியனோட, பறவைய மடியில வெச்சி அழுதவன் ஆரு? வீடியோ எடுத்தியாம். உன்ட போனை வாங்கி வைத்தியத்துக்குக் கோல் எடுத்தவன் நான்."

"பெடியள் பகிடி பண்ணுவாங்கள் மாமா."

"என்ட வெக்கத்த நான் மைக்கில சொன்னனான். உன்ட கண்ணீர என்ட தலையில கட்டாத. திருத்து."