நீல்ஸின் மகள் கம்சிகா

இல்ஃபோர்டில் மகள் பிறந்தபோது சிவரூபினி தன் தமிழ் ஊர் வழக்கப்படியே பிள்ளையின் பெயருக்குப் பின்னால் தகப்பன் பெயரை வைத்தாள். டென்மார்க்கில் அகதியாக இருந்தபோது அவள் மணந்தவர் நீல்ஸ் டெர்கெல்சன். ஆகவே மகள் கம்சிகா நீல்ஸ் ஆனாள். நீல்ஸ் சிரித்தார். டெர்கெல்சன் என்றால் டெர்கெலின் மகன். தன் முன்னோரும் தலைமுறைக்குத் தலைமுறை இப்படித்தான் தகப்பன் பெயரை வைத்தார்கள், பிறகுதான் சட்டம் வந்து ஒரே பெயரை நிலையாக்கிவிட்டது என்றார்.

அப்போது அவருக்கு ஒரு தம்பி இருந்தார். இந்த மாசியில் அந்தத் தம்பி பிள்ளையில்லாமல் இறந்தார். பங்குனியில் நீல்ஸுக்கு ஈரலில் புற்றுநோய் என்றார்கள். டென்மார்க்கிலேயே இன்று அதிகம் பேரிடம் இல்லாத டெர்கெல்சன் என்ற பெயர், அவர் குடும்பத்தில் இனி அவரோடு சரி.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி, மனைவியிடம் பழகிய தமிழில் மகளைக் கேட்டார்.

"பிள்ளை, டெர்கெல்சன் எண்டு பேரை மாத்துவியே?"

"எனக்கு உங்கட பேர் இருக்கு அப்பா. அதை எறிஞ்சுபோட்டு, ஆரெண்டே தெரியாத கிழவன்ர பேரை வைக்கச் சொல்லுறியளே?"

"கிழவன் பாவமெல்லே." சிரிக்கப் பார்த்தார். இருமல்தான் வந்தது.

"ஓம் எண்டு சொல்லன், பிள்ளை," என்று சிவரூபினி கெஞ்சினாள்.

"ஏலாது அம்மா. அப்பா போனாப்பிறகு அவற்ர பேராவது என்னட்டை இருக்கட்டும்."

அவர் போய்விடுவார் என்பதை அதுவரை அந்த மூவரில் ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. நீல்ஸ் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

பெயரைப் பற்றி மறுபடி பேசாமலே வைகாசியில் இறந்தார். மகள் சொன்னதை ஏற்றுக்கொண்டாரா, மனம் உடைந்துதான் போனாரா என்று சிவரூபினிக்குத் தெரியாது. அவர் இருக்கும்போது கேட்க அவளுக்குத் துணிவு வரவில்லை.