புளி போட்டுத் தேய்த்த மெமரி

கொல்லிமலையில் ஓர் அலுவலகத்தில் தற்காலிக எழுத்தராக இருந்தேன். இரண்டாயிரமாவது ஆண்டை ஒட்டிய காலம். கொண்டை ஊசி வளைவுகள் எழுபதிலும் விழாதவன், ஒருநாள் ஆபீஸ் வாசலில் சரளைக்கல்லில் மொபெட் சறுக்கி வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டேன். எலும்பு கூடிவிட்டது. விரல்கள் மட்டும் மடங்க மறுத்தன. பேனா பிடித்தால் நழுவி விழுந்தது.

அதிகாரி நல்ல மனிதர்தான். "மாசாந்திர அறிக்கை இந்தத் தடவையும் லேட்டானா, வேற ஆள் கேட்டு எழுதறதத் தவிர எனக்கு வழியில்ல தம்பி" என்றார். அறிக்கை என்பது கட்டம் கட்டமாகப் பெரிய தாளில் கையால் எழுதி நிரப்புவது. வேறு ஆள் வந்தால் நான் சேந்தமங்கலம் பஸ் ஏறி, அப்பாவின் காட்டில் மரவள்ளிக்கு மண் அணைக்க வேண்டியதுதான். அதற்கும் கை வேண்டுமே.

ஸ்டோர் ரூமில் ஒரு கம்ப்யூட்டர், பிரிண்டரோடு கிடந்தது. கோடை மழையில் இடி விழுந்து மதர்போர்டு கருகியதால் உபயோகமில்லை என்று எழுதி ஒதுக்கிவிட்டார்கள். நாமக்கல்லில் நண்பன் கடையில் கம்ப்யூட்டர்களைப் பிரித்துப் பூட்டிய பழக்கம் எனக்கு உண்டு. புதுப் போர்டு ஒன்று வாங்கினால், இதிலுள்ள மற்ற பாகங்களை வைத்தே ஒன்றை எழுப்பிவிடலாம். கட்டத்தை ஒருமுறை போட்டுவிட்டால் மாதாமாதம் எண்களை மாற்றினால் போதும். அதற்கு இடது கையின் ஒற்றை விரல் போதாதா? அதிகாரியும் சரியென்றார்.

திருப்புளி பிடிக்கத்தான் ஆள் வேண்டியிருந்தது. ஆபீஸ் பெருக்கும் அக்கா, மலையிலேயே தேவனூர் நாட்டுக்காரர், விளக்குமாற்றைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். நான் இடது கையால் காட்டக் காட்ட அவர் கழற்றினார். எந்த ஸ்குரூ எங்கிருந்து வந்ததோ அந்த வரிசையிலேயே முறத்தில் அடுக்கினார். டிஸ்க் வந்தது, ஒயர்கள் வந்தன, மெமரி அட்டைகள் இரண்டும் வந்தன. மலையின் ஈரத்தில் அட்டைகளின் பொன்னிற விளிம்பு கறுத்திருந்தது. "இதை மட்டும் நல்லாத் துடைச்சு வைங்கக்கா" என்று சொல்லிவிட்டு, போர்டு வாங்க நாமக்கல்லுக்கு பஸ் ஏறினேன்.

மறுநாள் மதியம் போர்டோடு திரும்பினால், ஆபீஸ் மதில்மேல் குத்துவிளக்கும் மணியும் தாம்பாளமும் வெயிலில் மின்னுகின்றன. நடுவில் என் மெமரி அட்டைகள். அடுத்த நாள் ஆயுத பூஜை. அக்கா எல்லாவற்றையும் ஒன்றாகப் புளி போட்டுத் தேய்த்து, தண்ணீரில் அலசிக் காயவைத்திருந்தார்.

"குரங்கு கையில பூமாலையக் குடுத்த கதையா ஆயிருச்சே!" என்று கத்தினேன். ஆபீஸே எட்டிப் பார்த்தது. அக்கா, "கறுத்துக் கெடந்துச்சுங்க, பித்தளன்னு நெனச்சேனுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது எனக்காகவே சொல்லி வைத்தது.

போர்டு வாங்கியதிலேயே பணம் தீர்ந்திருந்தது; வேறு மெமரி வாங்க வழியில்லை. கெட்டதா இல்லையா என்று போட்டுப் பார்த்தால்தான் தெரியும். போர்டை எப்படியோ பெட்டியில் வைத்துவிட்டேன். ஆனால் மெமரியை உட்கார வைக்க இரண்டு பக்கமும் இரண்டு கட்டைவிரலால் அழுத்த வேண்டும். என்னிடம் இருந்தது ஒன்று. ஏச்சு வாங்கியவரிடமே போய் நின்றேன். மன்னிப்புக் கேட்க நினைத்துத்தான் போனேன். "அக்கா, கொஞ்சம் அழுத்திக் குடுங்க" என்பதுதான் வெளியே வந்தது.

ஈரக் கையை முந்தானையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு வந்தார். நான் காட்டிய இடத்தில் வைத்து அழுத்தினார். டக்கென்று உட்கார்ந்தது. அடுத்ததும் உட்கார்ந்தது. சுவிட்சைப் போட்டேன். கறுப்புத் திரையில் வெள்ளை எண்கள் மளமளவென்று ஓடின. கம்ப்யூட்டர் தன் மெமரியை எண்ணிப் பார்க்கிறது. பாதியில் நின்றுவிடுமோ என்று எண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். நிற்காமல் முழுக் கணக்கும் காட்டியது.

பூஜை கழிந்த இரண்டாம் நாள், ஒற்றை விரலால் தட்டிய அறிக்கை பிரிண்டரில் கரகரவென்று வந்து சாயங்கால பஸ்ஸில் கீழே போனது. அதிகாரி, வேறு ஆள் கேட்டு எழுதி வைத்திருந்த கடிதத்தை என் கண்முன் கிழித்தார். பின்னால் அந்த வேலையே எனக்கு நிரந்தரமாயிற்று. இன்று நான் சாப்பிடுகிற சோறு அந்த அக்காவின் கட்டைவிரல்கள் போட்டது.

கடிதம் கிழிபட்ட அன்றே, எல்லோர் முன்னாலும் திட்டியதால், எல்லோர் முன்னாலும் "மன்னிச்சுக்குங்கக்கா" என்றேன். அதுவரை என்னை சார் என்றே கூப்பிட்டவர், மடங்காத என் வலது கையைப் பார்த்தார்.

"அது கெடக்குது. அந்தக் கையக் கொண்டாங்க சாமி. மிச்சம் புளி இருக்குது, அதையும் ஒரு தேய் தேய்ச்சுப் பாத்துருவோம்."