மூன்று வரி மனு

அரியலூர் தாலுகா ஆபீசுக்கு எதிரே டைப்ரைட்டர் வைத்து இங்கிலீஷ் மனு அடித்துக் கொடுத்த ராசாங்கம், தொழில் தெரிந்தும் பிழைக்கத் தெரியாதவர் என்று பேர் வாங்கியவர். பண்ணை வேலை பார்த்த குடும்பத்தில் முதன்முதலாக எஸ்.எஸ்.எல்.சி. தேறியவர். பெரம்பலூரில் டைப்பிங் படித்தபோதே, ஒன்றைப்போல் ஒன்று இருக்கும் இங்கிலீஷ் சொற்களை நோட்டில் எழுதிவைத்து உருப்போட்டார். அட்வைஸுக்கு எங்கே 'சி', எங்கே 'எஸ்' என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். கேட்கத்தான் ஆளில்லை.

வந்தவர்களுக்கு வேண்டியது நீளம். அடித்த மனுவை உரக்கப் படிக்கச் சொல்வார்கள். ஒன்றும் புரியாது, ஆனாலும் தாளின் அடிவரை ஓட வேண்டும், நடுநடுவே ஹானரபிள், ஹம்பிள் என்று காதில் விழ வேண்டும். பக்கத்து மேசைப் பஞ்சநாதன் இரண்டு பக்கத்துக்குக் குறைந்து எதையும் அடித்ததில்லை. அதில் என்ன கேட்டிருக்கிறது என்று அவரே தேடித்தான் எடுக்க வேண்டும். கூட்டமெல்லாம் அங்கேதான். பத்தொன்பது வருஷமாக இதையே பார்த்து ராசாங்கத்துக்கு அலுத்துவிட்டது.

எழுபத்து நாலில் ஆண்டிமடத்திலிருந்து ஆண்டாயி வந்தாள். மகன் மதுரைவீரன் பட்டாளத்தில் இருந்தான். இரண்டு வருஷமாகக் கடிதம் இல்லை. இருக்கிறானா, செத்தானா, அது ஒன்றுதான் அவளுக்குத் தெரிய வேண்டும். ராசாங்கம் பழைய கடிதத்திலிருந்து மகனுடைய பட்டாள நம்பரை எடுத்து, பட்டாள ஆபீசுக்கு மூன்று வரி அடித்துப் படித்துக் காட்டினார். அவள் முகம் சுருங்கிப்போனது. தன் துக்கம் மூன்று வரிதானா என்று நினைத்தாளோ என்னவோ, தாளை அங்கேயே வைத்துவிட்டுப் பஞ்சநாதனிடம் போனாள். அவர் படிக்கப் படிக்க அழுதாள்.

எட்டு மாதம் பதில் இல்லை. அந்த இரண்டு பக்கத்தில் நம்பரே இல்லை. அவள் திரும்பி வந்து நின்றபோது ராசாங்கம் குத்திக்காட்டவில்லை. அதற்குக்கூட அவருக்குத் தெம்பில்லை. நம்பர், பேர், உயிரோடு இருக்கிறாரா, இருந்தால் எங்கே என்று மறுபடியும் அதே மூன்று வரி.

ஐந்தே வாரத்தில் பதில். கவரைப் பிரிக்காமல் எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டாள்.

ராசாங்கம் படித்தார். ஒரு சொல்லிலும் மயக்கமில்லை. வயதான தாயைக் கவனிக்க ஆளில்லை என்று மதுரைவீரன் தானே எழுதிக் கேட்டதால் விடுவிக்கப்பட்டார். போகும்போது நலமாக இருந்தார். அரியலூர்வரை ரயில் பாஸ் கொடுத்து அனுப்பினோம். அது நடந்து மூன்று வருஷம் ஆகப்போகிறது.

இத்தனை தெளிவாகவா எழுதித் தொலைப்பான் என்று அவருக்கு ஆத்திரமாக வந்தது.

"உசுரோட இருக்கானா தம்பி?"

"நல்லாத்தான் இருந்துருக்காரும்மா. வேலைய விட்டுட்டாரு."

"ஏன் விட்டான்?"

பொய் சொல்ல அவருக்கு வரவில்லை. "ஒங்களப் பாத்துக்கணும்னு எழுதிக் கேட்டுருக்காரு."

ஆண்டாயி அந்தத் தாளை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எப்போது விட்டான் என்று அவள் கேட்கவில்லை.

"அப்ப வந்துக்கிட்டுத்தான் இருப்பான்," என்றாள். பிறகு, மெட்ராஸ் ரயில் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டாள்.

ராசாங்கம் சொன்னார்.