தோற்கிற விமானத்து மாப்பிள்ளை

என் மாமாவுக்கு யாரையும் நம்பத் தெரியாது. அம்மாவின் அண்ணன் அவர். கம்பத்திலிருந்து குமுளிக்கு ஜீப் ஓட்டினார். ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்குப் போகிற பெண்களைக் காலையில் மலையேற்றிவிட்டுச் சாயங்காலம் இறக்கிக் கூட்டிவருவார். எங்கள் பள்ளத்தாக்கில் எப்போதாவது வானத்தில் டமார் என்று ஒரு சத்தம் கேட்டு ஜன்னல் கதவெல்லாம் அதிரும். போர் விமானம் பயிற்சிக்குப் பறந்தது என்று மறுநாள் பேப்பரில் போடுவார்கள். மாமா ஒப்புக்கொள்ள மாட்டார். எவனோ குவாரியில் அளவுக்கு மீறி வெடிவைத்துவிட்டு விமானத்தின் மேல் பழியைப் போடுகிறான் என்பார். விமானம் என்றால் கண்ணுக்குத் தெரிய வேண்டாமா என்பது அவர் கட்சி.

அப்பேர்ப்பட்டவரிடம்தான், என் சித்திக்கு விமானப்படையில் வேலை பார்க்கிற மாப்பிள்ளை வந்திருப்பதாகத் தரகர் வந்து சொன்னார். ஆண்டிபட்டிப் பக்கம் ஊர். போர் விமானத்தைப் பிரித்து மாட்டுகிற வேலையாம். மாமா முதலில் கேட்டது, "ஆண்டிபட்டிக்காரனுக்கு ஆகாயத்துல என்ன சோலி?" என்பதுதான்.

அவர் இப்படி ஆனதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. அதற்கு முன்பு சித்திக்கு ஒரு இடம் முடிவாகி, பரிசம்கூடப் போட்டாயிற்று. அந்த ஆள் மலைக்கு மேலே பெரிய மளிகைக்கடை வைத்திருப்பதாகச் சொன்னார்கள். கடை இருந்தது உண்மைதான். கடைக்குப் பின்னாலேயே அவருக்கு ஒரு பெண்டாட்டியும் பிள்ளையும் இருந்தார்கள். தினமும் அந்தக் கடை வாசல் வழியாகத்தான் மாமாவின் ஜீப் போய்வந்தது என்பதை அவரால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. கல்யாணம் நின்றது. அதற்கப்புறம் வந்த ஒவ்வொரு வரனையும் மாமா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார், ஒவ்வொன்றிலும் ஏதோ ஓட்டை கண்டுபிடித்தார். இதற்குள் சித்திக்கு முப்பது தாண்டிவிட்டது.

சித்தி எங்கள் வீட்டில்தான் இருந்தாள். அம்மாவின் தங்கை. எனக்குத் தலை பின்னிவிடுவதும் கணக்குச் சொல்லித்தருவதும் பக்கத்தில் படுக்கவைத்துக்கொள்வதும் அவள்தான். அதனால் மாமாவுக்கு அடுத்தபடியாக அந்த வீட்டில் மாப்பிள்ளைகளைச் சந்தேகப்பட்டது நான். நாலாங்கிளாஸ் படிக்கிற பிள்ளைக்கு என்ன சந்தேகம் வரும் என்று கேட்காதீர்கள். வருகிறவன் நல்லவனாக இருந்தால் சித்தி போய்விடுவாள். ஆகவே வருகிறவர்கள் எல்லாரும் திருடர்களாக இருக்க வேண்டும் என்று மாரியாத்தாளை மனதார வேண்டிக்கொள்வேன்.

மாமா ஒரு நாள் ஜீப்பை நிறுத்திவிட்டு ஆண்டிபட்டிக்கு பஸ் ஏறினார். ஆடு வாங்க வந்தவர் மாதிரி டீக்கடை டீக்கடையாக உட்கார்ந்து விசாரித்தார். தேவையே இல்லாமல் சலூனில் முடிகூட வெட்டிக்கொண்டார். தங்கமான பையன், ஒரு வம்புதும்பு கிடையாது என்றுதான் எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள். திரும்பி வந்த மாமாவின் முகம் இன்னும் இருண்டுபோயிருந்தது. இத்தனை பேர் ஒன்றுபோலச் சொல்கிறார்கள் என்றால் முன்கூட்டியே சொல்லிவைத்திருக்கிறான் என்று அர்த்தமாம். தரகர் கொடுத்த போட்டோவில் மாப்பிள்ளை ஒரு விமானத்துக்குப் பக்கத்தில் நின்றார். அதைப் பொருட்காட்சியில் எடுத்திருப்பான் என்றார் மாமா. நானும் போட்டோவை வாங்கி உற்றுப் பார்த்து, ஆமாம், ராட்டினத்தின் நிழல் தெரிகிறது என்றேன். அப்படி ஒன்றும் தெரியவில்லை. அம்மா என் கையிலிருந்து போட்டோவைப் பிடுங்கிக்கொண்டாள்.

மாமாவுக்குப் பெரிய துருப்புச்சீட்டு பேப்பரில் கிடைத்தது. மாப்பிள்ளை வேலை பார்க்கிற அந்த விமானம் தாத்தா காலத்தது என்றும், பக்கத்து நாட்டுக்காரர்கள் ராடாருக்கே தெரியாத விமானம் செய்துகொண்டிருக்கிறார்கள் என்றும், பழசையெல்லாம் சீக்கிரம் ஓரங்கட்டிவிடுவார்கள் என்றும் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தது. மாமா அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். விமானத்தை ஓரங்கட்டினால் அதைப் பழுதுபார்க்கிறவனையும் ஓரங்கட்டிவிட மாட்டார்களா? எங்கள் அப்பா திராட்சைத் தோட்டத்தைத் தவிர வேறெதிலும் தலையிடாதவர். அவர் மட்டும் மெல்ல, உங்கள் ஜீப்பும் அந்தக் காலத்து ஜீப்தானே, புது வண்டிகளோடு போட்டி போட்டு மலையேறவில்லையா என்று கேட்டார். மாமா அன்றைக்கு எங்கள் வீட்டில் காபி குடிக்காமல் போனார்.

பெண் பார்க்க வரச் சொன்ன நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாப்பிள்ளையும் அவருடைய அக்காவும் அக்கா வீட்டுக்காரரும் வந்தார்கள். மாப்பிள்ளைக்கு முன்நெற்றியில் முடி கொட்டியிருந்தது. நகத்து இடுக்கில் கறுப்பாக இருந்தது. பட்டாளத்துக்காரர் என்றால் மீசை முறுக்கி, எல்லையில் பனி எத்தனை அடி விழும் என்று சொல்வார் என்று காத்திருந்தேன். எங்கள் தெருவில் விடுப்பில் வருகிறவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். இவரோ கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். எந்த ஊரில் வேலை என்றால் வடக்கே என்றார். வடக்கே எங்கே என்றால் சிரித்தார். மாமா என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். ஆள் வசமாக மாட்டிக்கொண்டான் என்று நானும் தலையாட்டினேன்.

அவர்களும் ஒன்றும் வெள்ளந்தியாக வந்துவிடவில்லை. மாப்பிள்ளையின் அக்கா கை கழுவுகிற சாக்கில் கொல்லைப்பக்கம் வந்தவர், என்னைத் தனியே பிடித்துக்கொண்டு, உங்கள் சித்திக்கு இவ்வளவு நாளாக ஏன் அமையவில்லை, உடம்புக்கு ஏதும் கோளாறா என்று கேட்டார். பெரியவர்கள் கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று சித்தியே சொல்லித்தந்திருந்தாள். யோசித்துப் பார்த்து, ராத்திரி பல்லைக் கடிப்பாள் என்றேன். அந்த அம்மாள் அதை வாங்கிக்கொண்டு போய்த் தன் வீட்டுக்காரரின் காதில் போட்டார். அவர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

கூடத்தில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். உள் அறைக் கதவுக்குப் பின்னால் பட்டுச்சேலை கட்டிய சித்தியும் நானும் நின்றுகொண்டிருந்தோம். கூப்பிட்டால் அவள் போய் நின்று கும்பிட வேண்டும். மாமா சட்டைப்பையிலிருந்து பேப்பரை எடுத்து விரித்தார்.

"தம்பி, ஒண்ணு கேக்குறேன், தப்பா நெனைக்கக் கூடாது. உங்க பழைய பிளேனு, இந்த ராடார்ல தெரியாத புது பிளேனோட நின்னு சண்ட போடுமா?"

இது என்ன மாதிரியான கண்ணி என்று எனக்குத் தெரியும். முந்தின நாளே மாமா விளக்கியிருந்தார். ஜெயிக்கும் என்று சொன்னால் ஆள் புளுகன். தோற்கும் என்று சொன்னால் அவன் பட்டாளத்துக்காரனே இல்லை. தன் ஆயுதத்தைத் தானே மட்டம் தட்டுகிற பட்டாளத்துக்காரன் உலகத்தில் உண்டா?

மாப்பிள்ளை பேப்பரை எட்டிப் பார்த்தார். பிறகு, நேருக்கு நேர் நின்றால் நிற்காது என்றார். நாம் அவனைப் பார்ப்பதற்கு முன்பே அவன் நம்மைப் பார்த்துவிடுவான், அதோடு கதை முடிந்துவிடும். புதுக் கருவிகள் மாட்டியிருக்கிறோம், தரையிலிருந்தும் மற்ற விமானங்களிலிருந்தும் தகவல் கொடுப்பார்கள், உங்கள் மேகமலை மாதிரி ஒரு மலைக்குப் பின்னால் ஒதுங்கினால் கொஞ்ச நேரம் தப்பிக்கலாம், அவ்வளவுதான் என்றார். இதற்கு மேல் சொல்லக் கூடாது என்றும் சொன்னார்.

"அப்ப தோத்துப்போகும்ங்கிறீக."

"ஆமாண்ணே. தோத்துப்போகும்."

மாமா ஜெயித்துவிட்டார். ஜெயித்த வேகத்தில் அவருக்குக் குரல் ஏறியது. பழசு பழசுதான் என்றார். என்னதான் துடைத்து மினுக்கி, அங்கே ஒன்று இங்கே ஒன்று மாட்டிக் கொண்டுவந்து நிறுத்தினாலும் வயசு தெரியாமல் போய்விடுமா, புதுசுக்குப் பக்கத்தில் நிறுத்தினால் யார் அதைத் திரும்பிப் பார்ப்பார்கள், காலம் கடந்துபோனதைத் தலையில் கட்டப் பார்த்தால் யார் வாங்கிக்கொள்வார்கள் என்று பேசிக்கொண்டே போனார். மாப்பிள்ளையின் அக்கா வீட்டுக்காரரும் அதை ஆமோதித்தார். கதவுக்குப் பின்னால் சித்தியின் விரல்கள் என் தோளில் இருந்தன. அவை இறுகி, எனக்கு வலித்தது. அவளுக்குப் பயமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, பயப்படாதே சித்தி, மாமா விரட்டிவிடுவார் என்று ரகசியமாகச் சொன்னேன்.

வந்தவர்கள் எழுந்துகொண்டார்கள். பெண்ணைக் கூப்பிடவே இல்லை. ஊருக்குப் போய்க் கலந்து பேசிக்கொண்டு சொல்லி அனுப்புகிறோம் என்றார் அக்கா. அப்படிச் சொன்னால் சொல்லி அனுப்ப மாட்டார்கள் என்பது எனக்கே தெரியும். எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேச வருகிறவர்கள் காபியோடு நிறுத்திக்கொள்வார்கள். பேச்சு ஒத்துவந்த பிறகுதான், வீட்டு ஆம்பளை ஒருவர் சாப்பிடக் கூப்பிட, இலை போடுவார்கள். கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம், அதற்கப்புறம் யாரும் பின்வாங்கக் கூடாது. அடுப்படியில் சோறும் குழம்பும் இறக்கி மூடி வைத்திருந்தது. வாசனை கூடம் வரைக்கும் வந்தாலும் எல்லாரும் தெரியாத மாதிரி செருப்பைத் தேடினார்கள்.

அப்போது சித்தி என் தோளிலிருந்து கையை எடுத்தாள். கதவைத் தள்ளிக்கொண்டு கூடத்துக்குப் போனாள். யாரும் கூப்பிடாமல் மணப்பெண் வந்து நின்றதை எங்கள் வீட்டில் யாரும் பார்த்ததில்லை. அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். சித்தி கும்பிடக்கூட இல்லை. நேராக மாப்பிள்ளையைப் பார்த்துக் கேட்டாள்.

"தோத்துப்போகும்னு தெரிஞ்சும் எதுக்கு அதப் பாத்துப் பாத்துச் சரி பண்ணிக்கிட்டுக் கெடக்குறீக?"

அவர் ஒரு காலில் செருப்பை மாட்டியிருந்தார். அதைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தார்.

"அதுல ஒரு ஆளு ஏறிப் போறாருங்க. அவரு நல்லபடியாத் திரும்பி வரணும். பழசுன்னு மனசுல நெனச்சுட்டா கை தானா அசட்டையாயிரும். அதனால நான் அப்படி நெனைக்கிறதே இல்ல."

மாமா பேப்பரை மடித்தார், மறுபடி விரித்தார். சித்தி அவரை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்தது எனக்கே தெரிந்தது. இத்தனை வருஷமாகச் சாதுவாகத் தலை குனிந்து நின்றவளிடம் அவ்வளவு கோபம் எங்கே இருந்தது என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பிறகு அவள் மாப்பிள்ளையின் பக்கம் திரும்பினாள்.

"இருந்து சாப்பிட்டுப் போங்க" என்றாள்.

அந்த வார்த்தையை அவள் சொல்லக் கூடாது. சொல்ல வேண்டியவர் மாமா. கூடத்தில் நின்ற அத்தனை பேரும் மாப்பிள்ளையைப் பார்த்தார்கள். அவருடைய அக்கா அவர் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தார். மாமா மாப்பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி நிமிஷத்திலாவது ஒரு கள்ளத்தனம் தெரிந்துவிடாதா என்று தேடியிருப்பார். மாப்பிள்ளை கை கழுவ எங்கே தண்ணீர் என்று என்னிடம் கேட்டார். நான் காட்டாமல் நின்றேன். அப்பா எழுந்துபோய்ச் செம்பில் மொண்டு கொடுத்தார்.

அவர் உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்து, முதல் வாய் வைத்தார். மாமா கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு அம்மாவிடம், "மாப்ளைக்கு இன்னுங் கொஞ்சம் குழம்பு ஊத்து" என்றார். சொல்லிவிட்டு வெளியே போய் ஜீப்பில் தனியாக உட்கார்ந்துகொண்டார்.

அன்றைக்கு எனக்குத் தாங்க முடியாத அழுகை. மாமா தோற்கவில்லை, கேட்ட கேள்விக்கு தோற்கும் என்று அந்த ஆள் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டார், அப்படியிருக்க எப்படிச் சித்தி எங்களை விட்டுப் போகலாம்? தலை பின்னும்போது அவளிடமே கேட்டேன். ஜெயிக்கிற விமானம் வைத்திருக்கிற மாப்பிள்ளை யாராவது வந்தால் கட்டிக்கொள்ளக் கூடாதா என்றேன். சித்தி பின்னலை இறுக்கிக்கொண்டே சிரித்தாள். சிரிப்பில் சந்தேகம் வந்து நான் திரும்பிப் பார்த்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

போன மாதம் என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்து எனக்கு வயசு ஏறிவிட்டதைப் பற்றிப் பேசினார்கள். நான் உள் அறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அதுவரைக்கும் சித்தி அன்று கேட்டது விமானத்தைப் பற்றித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.