சிரிக்கப் பயந்த வருஷங்கள்

ஈரச் சுண்ணாம்பின் வாடை மூக்கில் ஏறினால் இன்றும் நான் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுகிறேன். எழுபதுகளின் தொடக்கத்தில், எனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது, ராஜகீழ்ப்பாக்கத்தில் நாங்கள் குடியிருந்த ஓட்டு வீட்டுக்கு அப்பா ஒரே மாதத்தில் மூன்று முறை வெள்ளையடித்தார். முதல் முறை கிறிஸ்துமஸுக்காக என்று நினைத்துக்கொண்டோம். இரண்டாம் முறை, வெளுப்பு போதவில்லை என்றார். மூன்றாம் முறை விடியும் முன்பே எழுந்து எங்கள் சுவரை முடித்துவிட்டு, பக்கத்து வீட்டு மதிலையும் அடித்துவிட்டு, எதிர்வீட்டு மாட்டுக் கொட்டகைக்குள் வாளியோடு நுழைந்துவிட்டார். "சார், போதும் சார், மாடு மிரளுது" என்று எதிர்வீட்டுக்காரர் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு வாசற்படியில் நின்றாள்.

அப்பா தாம்பரத்தில் ஒரு பள்ளியில் பூகோள ஆசிரியர். வகுப்பில்கூடக் குரல் உயர்த்தாதவர், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஆராதனை முடிந்ததும் யாரோடும் பேசாமல் வெளியே வந்துவிடுகிறவர். அப்படிப்பட்டவர் அந்த மாதம் இடைவிடாமல் பேசினார், பாடினார், வகுப்புப் பிள்ளைகள் முப்பது பேரை முன்னறிவிப்பில்லாமல் சாப்பிட அழைத்து வந்தார், இரண்டு மணி நேரம் தூங்கியது போதும் என்றார். எனக்கும் என் தம்பி டேவிட்டுக்கும் அது கொண்டாட்டமாகத்தான் இருந்தது. இப்படி ஒரு அப்பா எங்களுக்குக் கிடைத்தாரே என்று நான் அந்தரங்கமாகக் கர்த்தருக்கு நன்றிகூடச் சொன்னேன்.

கொண்டாட்டம் ஒரு சனிக்கிழமைக் காலை மின்சார ரயிலில் முடிந்தது. எழும்பூருக்கு என்னை அழைத்துப் போனார். பல்லாவரம் தாண்டியதும் திடீரென்று எழுந்து நின்று, பெட்டியிலிருந்த அத்தனை பேருக்கும் பருவக்காற்று எப்படி வீசுகிறது என்று பாடம் நடத்தத் தொடங்கினார். முதலில் எல்லாரும் ரசித்தார்கள். "இன்னா சார், டிக்கெட்டோட பாடமும் சேத்துக் குடுக்குறாங்களா?" என்று ஒருவர் கேட்க, பெட்டியே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். ஆனால் நிறுத்தவில்லை. மீனம்பாக்கம், கிண்டி, சைதாப்பேட்டை என்று ஸ்டேஷன்கள் போய்க்கொண்டே இருந்தன, அவர் வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, கடைசியில் எதுவும் புரியாத வேகத்துக்குப் போயின. கவனிக்காத ஒரு ஆளின் தோளைப் பிடித்து உலுக்கினார். அந்த ஆள் அப்பாவைத் தள்ளிவிட்டார். "கீழ்ப்பாக்கம் கேஸுப்பா, விட்டுடு" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. கீழே விழுந்து உட்கார்ந்திருந்த அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன்.

கீழ்ப்பாக்கம் என்றால் பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்பது அந்தக் காலத்துச் சென்னையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எங்கள் ஊர்ப் பெயரோ ராஜகீழ்ப்பாக்கம். செய்தி பள்ளிக்கு வந்து சேர்ந்ததும் என் வகுப்புப் பெண்கள் "இன்னாடி, நீ எந்தக் கீழ்ப்பாக்கம்?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து பஸ்ஸில் போவதை விட்டுவிட்டு, புத்தகப் பையோடு தாம்பரம் வரை நடந்தே போனேன்.

அடுத்த மாதமே அப்பா அடங்கிப்போனார். பேச்சு நின்றது, பிறகு சாப்பாடு நின்றது, பிறகு கட்டிலை விட்டு எழுவதும் நின்றது. பல் துலக்க ஐந்து அடி நடப்பது அவருக்கு மலையேறுவதாக இருந்தது. சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். அவரை ஒரு மருத்துவரிடம் காட்டினோம். மருந்து கொடுத்ததில் கை கால் விறைத்து, வாயோரம் எச்சில் வழிய, நடமாடும் மரக்கட்டை போல ஆனார். அந்த மருத்துவர் முதல் நாளே, "குடும்பத்துல வேற யாருக்காவது இந்த மாதிரி இருந்திருக்கா?" என்று கேட்டார். பதில் சொன்னவர் என் பெரியப்பா.

பெரியப்பா அப்பாவின் அண்ணன், பம்மலில் ஒரு "தோல் ஷாப்"பில் கணக்கர். சட்டையிலும் தலைமுடியிலும் பதனிடும் தோலின் வாடை எப்போதும் இருக்கும். நல்லவர், அப்பாவுக்காக விடுப்புக்காகச் சம்பளத்தில் பிடித்தாலும் பொருட்படுத்தாமல் ஆஸ்பத்திரிக்கு வந்து நிற்பவர். ஆனால் அந்தக் கேள்விக்கு மட்டும், "எங்க வம்சத்துலயே கெடையாது டாக்டர்" என்று அடித்துச் சொன்னார். வெளியே வந்ததும் அம்மாவிடம், "சாந்திக்கு கோயில்ல ஓலை வாசிக்கப் போற நேரம். யாரு கேட்டாலும் தம்பிக்கு டைஃபாய்டுன்னே சொல்லு" என்றார். சாந்தி அக்கா அவருடைய மூத்த மகள். இருபத்திரண்டு வயது, ஒரு ஆரம்பப் பள்ளியில் டீச்சர், மாப்பிள்ளை நிச்சயமாகி, கல்யாண அறிவிப்பான ஓலையை ஞாயிறு ஆராதனையில் வாசிக்க இருந்தார்கள்.

அம்மா சமையலறையில் இருக்கும்போது அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவது என் வேலை. எதற்காக என்னை அங்கே உட்கார வைத்தாள் என்று அம்மா சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை, ஆனால் அப்பாவைத் தனியே விடக் கூடாது என்பது எனக்குத் தெரிந்திருந்தது. ஒரு மத்தியானம் அப்பா சுவரைப் பார்த்தபடியே, "பாப்பா, ரூத் போன வழியிலதான் நானும் போறேன் போல" என்றார். ரூத் அத்தை அப்பாவின் தங்கை. நான் கைக்குழந்தையாக இருந்தபோதே இறந்துவிட்டாள். கிணற்றடியில் கால் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று மட்டும்தான் எங்கள் வீட்டில் சொல்வார்கள், அம்மாவும் அதையே நம்பியிருந்தாள்.

அந்த வாரம் கல்யாணப் புடவை காட்ட வந்த சாந்தி அக்காவிடம் கேட்டேன்: "அக்கா, ரூத் அத்தை எப்படி செத்தாங்க?"

அக்கா புடவையை மடிப்பதை நிறுத்தினாள். "ஏன் கேக்குற?"

அப்பா சொன்னதைச் சொன்னேன். அவள் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததே இல்லை. "இதை வேற யார்கிட்ட சொன்ன?" என்றாள். யாரிடமும் இல்லை என்றேன். கொஞ்ச நேரம் என் தலையைத் தடவிக்கொண்டே இருந்துவிட்டு எழுந்து போனாள்.

அடுத்த வாரம் வேறொரு ஆஸ்பத்திரிக்கு அப்பாவை அழைத்துப் போனபோது சாந்தி அக்காவும் வந்தாள். டேவிட்டைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தார்கள், நான் அப்பாவின் கையை விடமாட்டேன் என்று அடம்பிடித்ததால் என்னையும் அழைத்துப் போனார்கள். இந்த மருத்துவர் பெண். அவசரமில்லாமல் பேசினார். அதே கேள்வியைக் கேட்டார். பெரியப்பா அதே பதிலைச் சொன்னார்.

"அப்பா, ரூத் அத்தை?" என்றாள் சாந்தி அக்கா.

"நீ சும்மா இரு."

"அவங்க கால் வழுக்கி விழல டாக்டர்" என்றாள் அக்கா. "கீழ்க்கட்டளையில எங்க பழைய வீட்டுக் கிணறு. நான் பாத்தேன். எனக்கு அப்ப பத்து வயசு. வழுக்கி விழுந்துட்டாங்கன்னு சொல்லச் சொல்லி எல்லாரும் எனக்குச் சொல்லிக் குடுத்தாங்க. அதுக்கு முன்னாடி மாசக் கணக்கா சுவத்தப் பாத்துப் படுத்திருந்தாங்க. அதுக்கும் முன்னாடி ஒரு மாசம், தெருவுல இருக்கற எல்லாப் பொம்பளைப் பிள்ளைங்களுக்கும் ராப்பகலா கவுன் தெச்சாங்க. தெச்சுக் குடுன்னு யாரும் கேக்கவே இல்ல."

பெரியப்பா முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்குவதைப் பார்த்துத்தான் அழுகிறார் என்று தெரிந்தது. பிறகு அவரே மெதுவாகச் சொன்னார்: "எங்கப்பாவும் அப்படித்தான் டாக்டர். வருஷத்துல பாதி நாள் ராஜா மாதிரி இருப்பாரு. பாதி நாள் பேசவே மாட்டாரு."

மருத்துவர் யாரையும் கண்டிக்கவில்லை. ஒரு தாளில் ஆண்களுக்குச் சதுரமும் பெண்களுக்கு வட்டமுமாக எங்கள் குடும்பத்தை வரைந்தார். தாத்தாவின் சதுரத்தையும் ரூத் அத்தையின் வட்டத்தையும் அப்பாவின் சதுரத்தையும் மையால் நிரப்பிக் கறுப்பாக்கினார். அடியில் எனக்கு ஒரு வட்டம், டேவிட்டுக்கு ஒரு சதுரம், இரண்டும் வெறுமையாக. மேலே ஏறிக் கீழே இறங்குகிற மனநோய் இது என்றும், சில குடும்பங்களில் ஒருவருக்கு இருந்தால் இன்னொருவருக்கும் வர வாய்ப்பு கூடுதல் என்றும், முன்பே தெரிந்திருந்தால் வேறு மருந்தில் தொடங்கியிருக்கலாம் என்றும் சொன்னார். ஒரு வகை உப்புதான் மருந்து, பெயர் லித்தியம், அளவு கூடினால் விஷம், குறைந்தால் வீண், அதனால் அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும்.

நான் அந்த வெறுமையான வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "எனக்கும் வருமா?" என்று கேட்டேன். அம்மா என் வாயைப் பொத்த வந்தாள். மருத்துவர் தடுத்துவிட்டு என்னைப் பார்த்தே சொன்னார்: "வரலாம்மா. வராமலும் போகலாம். வராமப் போறதுக்குத்தான் வாய்ப்பு அதிகம். ரத்தத்தைப் பாத்து முன்கூட்டியே சொல்ற பரிசோதனை எங்ககிட்ட இல்ல."

ஆனால் நான் நம்பவில்லை. ஒவ்வொரு வாரமும் காலையில் மாத்திரை போடும் முன்பே அப்பா ரயிலேறிப் போய் ரத்தம் கொடுத்து வந்தார். பள்ளி விடுமுறையில் நானும் போவேன். ஊசியில் ஏறும் ரத்தம் மற்றவர்களுடையதைவிடக் கறுப்பாக இருக்கிறதா என்று உற்றுப் பார்ப்பேன். முழங்காலில் அடிபட்டால் என் ரத்தத்தையும் அப்படியே பார்ப்பேன். மருந்தின் அளவைத்தான் தேடுகிறார்கள், நோயை அல்ல என்பது எனக்குப் புரிய வருஷங்கள் ஆயின.

அப்பா தேறினார். ஒரே நாளில் அல்ல. ஒரு காலை தானாக எழுந்து முகம் கழுவினார், இன்னொரு நாள் செய்தித்தாள் கேட்டார், அடுத்த ஜூனில் பள்ளிக்குத் திரும்பினார். மருந்தினால் கை மட்டும் லேசாக நடுங்கும், கரும்பலகையில் அவர் வரையும் நதிகள் நெளிந்து நெளிந்து ஓடும், தண்ணீர் ஓயாமல் குடிப்பார். பழைய மாதிரி குரல் உயர்த்தாத அப்பா.

விலை கொடுத்தவள் சாந்தி அக்கா. டாக்டரிடம் சொன்னதை மாப்பிள்ளை வீட்டிலும் சொல்லிவிட வேண்டும் என்றாள். பெரியப்பா மறுக்க, அவளே கடிதம் எழுதினாள். ஓலை வாசிக்க வேண்டிய ஞாயிற்றுக்கு முந்தின வியாழன் மாப்பிள்ளையின் அப்பா பம்மலுக்கு வந்தார், மரியாதையாகக் காபி குடித்தார், "பையனுக்கு இப்போதைக்குக் கல்யாணத்துல இஷ்டம் இல்லையாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு வந்த இரண்டு இடங்களிலும் அக்கா தானே சொன்னாள், அவையும் போயின. மூன்றாவதை அவள் வரவிடவில்லை. என்னிடம் ஒரு நாளும் கசப்பாக ஒரு சொல் சொன்னதில்லை. ஆனால் அன்று நான் அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்திருந்தால் என்று நான் நினைக்காத வருஷம் இல்லை. அப்பாவுக்குக் கிடைத்ததும் அவளுக்குப் போனதும் ஒரே கேள்வியால் என்பதை எந்தப் பக்கம் வைத்துப் பார்ப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

இதற்கிடையில் நான் சந்தோஷமாக இருக்கப் பயந்தேன். சோகம் எனக்குப் பயமாக இல்லை, எல்லாருக்கும் வருவதுதானே. ஆனால் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கிய நாளிலும், தோழிகளோடு வயிறு வலிக்கச் சிரித்த நாளிலும், வீட்டுக்கு வந்து எத்தனை மணிக்குத் தூங்கினேன், எத்தனை மணிக்கு எழுந்தேன் என்று நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைப்பேன். வேகமாகப் பேசுகிறேனா என்று டேவிட்டைக் கேட்பேன். அவன் எரிச்சலோடு, "நீ எப்பவும் போல பேஜார் பண்ற" என்பான். இருபத்தைந்து வயது வரை நான் மனம்விட்டுச் சிரிக்கவில்லை.

வந்தது அவனுக்குத்தான். இருபத்திரண்டு வயதில், வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், சுவரைப் பார்த்துப் படுத்தான். இந்த முறை யாரும் டைஃபாய்டு என்று சொல்லவில்லை. அப்பாவே அவனைக் கையைப் பிடித்து அதே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். பழைய தாளை எடுத்துப் பார்த்தார்கள், சரியான மருந்துக்கு வர அதிக நாள் ஆகவில்லை. அப்பா மட்டும் வீடு திரும்பும் வழியெல்லாம், "நான் குடுத்தது, நான் குடுத்தது" என்று சொல்லிக்கொண்டே வந்தார். டேவிட் பதில் பேசும் நிலையில் இல்லை. அவன் தேறி எழுந்த பிறகு அப்பாவிடம் சொன்னான்: "டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனீங்களே, அதையும் நீங்கதான் குடுத்தீங்க." அப்பா எழுபத்தொன்பது வயது வரை இருந்து, நெஞ்சுவலியில் போனார்.

இன்று ராஜகீழ்ப்பாக்கத்தில் அந்த ஓட்டு வீடு இல்லை, எதிர்வீட்டு மாடும் கொட்டகையும் இல்லை. கீழ்க்கட்டளைக் கிணற்றைத் தூர்த்து அதன்மேல் அடுக்குமாடி எழுப்பிவிட்டார்கள், அங்கே வண்டி நிறுத்துகிறவர்களுக்குக் கிணறு இருந்ததே தெரியாது. அந்த ஆஸ்பத்திரியில் பழைய கோப்புகளைக் கழித்துவிட்டார்களாம், எங்கள் சதுரங்களும் வட்டங்களும் எங்கே போயினவோ. ரத்தத்தைப் பார்த்து முன்கூட்டியே சொல்லும் பரிசோதனை மட்டும் எனக்குத் தெரிந்து இன்னும் வரவில்லை.

சில வருஷங்களுக்கு முன் டேவிட்டின் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். அவள் கூடத்தில் எல்லார் முன்னாலும் உட்கார்ந்து, தன் அப்பாவுக்கு என்ன நோய், தாத்தாவுக்கு என்ன, ரூத் பாட்டி எப்படிப் போனாள் என்று தானே சொன்னாள். வந்தவர்கள் ஒரு வாரம் யோசித்தார்கள். பிறகு சம்மதம் என்று போன் வந்தது.

பம்மலில் தனியாக இருக்கும் சாந்தி அக்காவிடம் நேரில் போய்ச் சொன்னேன். எழுபதைத் தாண்டிவிட்டாள், காது கொஞ்சம் மந்தம். அருகில் போய்ச் சத்தமாகச் சொன்னேன்.

"அவளே சொன்னாளா?"

"அவளேதான்க்கா."

"எழுந்து போகாம, முழுசா உக்காந்து கேட்டாங்களா?"

"முழுசா கேட்டாங்க."

அக்கா தலையாட்டினாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் காபி போட்டு எடுத்து வரும் வரை அவள் இந்தப் பக்கம் திரும்பவில்லை.