ஊசிக்கு அழாத பிள்ளை

கள்ளக்குறிச்சியில் தடுப்பூசி போடும் நாளில் எல்லாப் பிள்ளைகளும் அழுது ஊரைக் கூட்டும். என் மகள் மட்டும் ஊசியைப் பார்த்துச் சிரிப்பாள். "இன்னா தைரியம் பாரு!" என்று நர்சம்மா மெச்சும்போது எனக்குத் தலைகால் புரியாது. அங்கன்வாடியில் வேலை பார்க்கிறவள் நான். மற்ற அம்மாக்களிடம், "பயங்காட்டி வளக்காதீங்க" என்று பீற்றிக்கொள்வேன்.

அந்தப் பெருமையில் அவளுடைய நாலாவது வயதில் மண் விழுந்தது. திருவிழாவுக்காகக் கல்வராயன் மலையில் மாமியார் வீட்டுக்குப் போயிருந்தோம். மாமியார் எனக்கு அத்தைதான். சொந்தம் விட்டுப்போகக் கூடாதென்று அத்தை மகனுக்கே என்னைக் கட்டிவைத்தார்கள். மூன்று நாளும் பிள்ளை ஒரே ஆட்டம். மலையிறங்கும் பஸ்ஸில் செருப்பைக் கழற்றினால், கணுக்கால் புஸ்ஸென்று வீங்கிக் கிடக்கிறது. எலும்பு முறிந்த காலோடு ஆடியிருக்கிறாள். "ஏண்டி சொல்லல?" என்று ஆத்திரத்தில் ஓர் அறை விட்டேன். விளையாட்டென்று நினைத்து, அவளும் என்னை அடித்துச் சிரித்தாள். அந்த அறைக்காக இன்னும் என் கையை நான் மன்னிக்கவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கருவிலே நரம்பு வளர, உடம்பே ஒரு புரதத்தைச் சுரந்து சேதி அனுப்புமாம். வலியையும் சூட்டையும் உணரும் நரம்புச் செல்லின் மேல், அதை வாங்கிக்கொள்ள ஓர் ஏற்பி இருக்கும். சேதி அதில் போய்ப் பொருந்தினால்தான் செல் பிழைக்கும். என் மகளுக்குச் சேதி வந்திருக்கிறது, வாங்கத்தான் ஆளில்லை. அந்த நரம்புகள் அவள் பிறக்கும் முன்பே செத்துவிட்டன.

"ரெண்டு பேர்கிட்டயும் ஒரே குறை ஒளிஞ்சிருந்திருக்கு. சொந்தத்துல கட்டினீங்களா?" என்று டாக்டர் கேட்டார். நானும் என் வீட்டுக்காரரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

இப்போது அவளுக்கு ஆறு வயது. பள்ளிவிட்டு வந்ததும் வாய், விரல், பாதம் எல்லாம் பார்த்துவிடுவேன். "ரத்தம் வந்தா வலின்னு அர்த்தம். அம்மாகிட்ட ஓடியாந்து சொல்லணும்" என்று பாடம் நடத்துகிறேன். பெற்ற பிள்ளைக்கு வலியைச் சொல்லிக்கொடுக்கிற கொடுமை எதிரிக்கும் வரக்கூடாது.

போன வாரம் காய்ந்த தோசைக்கல்லில் கையை ஊன்றியிருக்கிறாள். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம்.

"ஏன் கண்ணு சொல்லல?"

"ரத்தம் வர்லியேம்மா."

மருந்து போட்டுவிட்டு, அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். அவள் கிட்டே வந்தாள். என் கையைத் திருப்பிப் பார்த்தாள், பாதத்தைப் பார்த்தாள், வாயைத் திறக்கச் சொல்லி உள்ளே பார்த்தாள்.

"எங்கியும் ரத்தம் வர்லியே, அப்புறம் இன்னாத்துக்கும்மா அழுவுற?"